நியூட்டின் தாய்வழியும் ஞாயிற்றுக்கிழமை தௌஃபுவும்

தம்பி, நீ தபாலில் அனுப்பிய மரபணுச் சோதனை டப்பா வந்து மூன்று வாரமாகிறது. ஐஸ் பெட்டிக்கு மேலே, உன் அப்பாவின் பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதற்குள் இருக்கிற குழாயில் கோடு வரைக்கும் எச்சில் துப்பி, மூடி, திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. நீ மூன்று முறை போன் போட்டு, "அம்மா, துப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாய். டாக்டர் பட்டம் வாங்கிய பிள்ளை, பெற்றவளிடம் கேட்கிற கேள்வியைப் பார். மூன்று முறையும் நான் ஒவ்வொரு சாக்கு சொன்னேன். சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகவில்லை என்றேன், பல்வலி என்றேன், மறந்துவிட்டேன் என்றேன். நீயும் அம்மாவுக்கு வயசாகிவிட்டது, பயப்படுகிறாள் என்று நினைத்து விட்டுவிட்டாய். பயம் இல்லை தம்பி. களைப்பு. ஒரு விஷயத்தை இருபது வருஷம் மறைத்து வைத்தால் அது உடம்பை எப்படி அடித்துப் போடும் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் சொல்லிவிடுகிறேன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் இதைப் படிக்கட்டும். வேறு யார் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை.

முதலில் உன் நியூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேயிருந்துதான் கிளம்பியது. அந்தக் குளிர் நாட்டுக்குப் படிக்கப் போய், நியூட் பிடிக்கிறேன் என்று நீ சொன்னபோது எனக்கு அது என்னவென்றே தெரியாது. போனில் படத்தைக் காட்டினாய். வால் இருந்தது, நாலு கால் இருந்தது. "இதுக்காடா விமானம் ஏறிப் போனே? நம்ம வீட்டுச் செவுத்துலயே வேணும்கிற அளவுக்கு ஓடுதே" என்றேன். உனக்கு வந்த கோபம்! "பல்லி இல்லம்மா, இது தவளை சாதி. தண்ணிக்குள்ள முட்டை போடும்" என்றாய். தவளைக்கு ஏது வால் என்று நான் கேட்க, நீ அரை மணி நேரம் பாடம் நடத்தினாய். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் மருத்துவ டாக்டர் என்று நினைக்கட்டும் என்று நான் விளக்கம் சொல்லாமல் இருந்துவிடுவேன். அதுவும் ஒரு பொய்தான். உன் அம்மாவுக்கு இந்த மாதிரிச் சின்னப் பொய்கள் சுலபமாக வரும். பெரிய பொய்க்கு அது நல்ல பயிற்சி.

போகப் போக எனக்கே அந்தப் பிராணியின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. முதுகு கறுத்து ஒன்றுமில்லாமல் இருக்கும், புரட்டிப் போட்டால் வயிறு முழுக்க ஆரஞ்சு நிறம், அதில் கறுப்புத் திட்டு. ஒன்றின் திட்டு மாதிரி இன்னொன்றுக்கு இருக்காது, அதை வைத்தே ஆளை அடையாளம் கண்டுபிடிப்போம் என்றாய். காலையில் குளத்துக்குப் போய்ப் பொறியில் விழுந்ததை எடுத்து, வால் நுனியில் துளி நறுக்கி, சாராயத்தில் போட்டு, விட்டுவிடுவாயாம். பாவமில்லையா என்றேன். வளர்ந்துவிடும் என்றாய். அப்படியென்றால் சரி என்றேன். வெட்டியது வளர்கிறது என்றால் அது கொடுத்து வைத்த பிறவிதான்.

போன வருஷம் நீ லீவில் வந்தபோது பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்குப் போனோமே, அன்றைக்குத்தான் உன் ஆராய்ச்சி எனக்கு உருப்படியாகப் புரிந்தது. இலையில் ஒரு பக்கம் பருப்பு, ஒரு பக்கம் மீன் குழம்பு, நடுவில் சோறு. "இது ஒரு இனம்மா, அது இன்னொரு இனம். இந்த இனம் கொஞ்சங் கொஞ்சமா நகர்ந்து வந்து, அந்த இனம் இருந்த குளத்தையெல்லாம் பிடிச்சுக்கிச்சு" என்று சொல்லி, மீன் குழம்பைப் பருப்பு இருந்த இடத்துக்குத் தள்ளினாய். எல்லையில் இரண்டும் சந்திக்கும்போது கலப்பு நடக்குமாம். கலந்து பிறந்தது நிறைய நேரம் நோஞ்சானாகப் போகும், முட்டை போடாமலும் போகும். ஆனால் ஒன்றிரண்டு பிழைத்து, வந்த இனத்தோடேயே தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தால், உடம்பு பூரா வந்த இனமாகவே ஆகிவிடும். பார்த்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. "ஆனா தாய்கிட்டேருந்து மட்டும் வர்ற மரபணு ஒண்ணு இருக்கும்மா. அது மட்டும் பழைய இனத்தோடது. அந்த இனம் அந்த ஊரை விட்டே போயிருக்கும், ஆனா குளத்துல இருக்கிற ஒவ்வொண்ணுக்குள்ளயும் அவங்க ஆத்தாவோட அடையாளம் நிக்கும்" என்றாய். குழம்பைத் தள்ளிய இடத்தில் பருப்பின் மஞ்சள் தெரிந்தது. அதைக் காட்டினாய். பரிமாற வந்த அண்ணே நாம் சாப்பாட்டை வைத்து விளையாடுகிறோம் என்று முறைத்துவிட்டுப் போனார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்ப மனுஷங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். நீ உடனே கையை நீட்டித் தடுத்தாய். "மனுஷங்க எல்லாரும் ஒரே இனம்மா. சீனர், தமிழர், யாரா இருந்தாலும் ஒண்ணுதான். நியூட்டோட ஒப்பிடக் கூடாது" என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா தாய்வழி மட்டும் நமக்கும் அப்படித்தான். எனக்குள்ள இருக்கிறது உங்களுது. உங்களுக்குள்ள இருக்கிறது யாரோடதும்மா?" என்றாய். நான் பாயசம் இன்னும் வரவில்லையே என்று திரும்பிவிட்டேன். நீ அதைக் கவனித்துவிட்டாய். அதனால்தான் இந்த டப்பா.

உனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். நான் சீனக் குடும்பத்தில் பிறந்தவள். புலி ஆண்டில் பிறந்த பெண் குழந்தை வீட்டுக்கு ஆகாது என்று சொல்லி, இருபது நாள் குழந்தையாக என்னைக் கொடுத்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டவர்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்க் குடும்பம். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் இது ஊரறிந்த வழக்கம், நம் கோவிலிலேயே என்னைப் போல் நாலைந்து பேர் பொட்டு வைத்துக்கொண்டு தேவாரம் பாடினார்கள். எனக்குத் தமிழ்ப் பெயர், தமிழ்ப் பள்ளி, தமிழ்ப் புருஷன். முகம் மட்டும் யாரையும் கேட்காமல் சீனமாகவே நின்றுவிட்டது. இன்றைக்கும் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் சேலைக் கடைக்குள் நுழைந்தால், கடைப்பெண் மலாயில், "ஆன்டி, இது சேலை, இப்படி உடுத்தணும்" என்று சொல்லிக் கொடுக்க வருவாள். "தெரியும்மா, முந்தானை இன்னும் கொஞ்சம் நீளமா இருக்கிறதா காட்டு" என்பேன். வாயைப் பொத்திக்கொள்வாள். நாற்பது வருஷமாக இது நடக்கிறது. முன்பெல்லாம் எனக்கும் சிரிப்பு வரும். இப்போது சேலையை வாங்கிக்கொண்டு உட்கார இடம் இருந்தால் போதும் என்றிருக்கிறது. உன்னைப் பள்ளியில் சீனனுமில்லை இந்தியனுமில்லை, சிண்டியன் என்று கூப்பிட்டார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்தபோது, உனக்கு ஒரு மைலோ கலக்கிக் கொடுத்தேன். அது போதாது என்று எனக்கு அப்போதே தெரியும்.

பெற்றவர்கள் யார் என்று நீ கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். அதுதான் பொய்.

நீ மூன்றாம் வகுப்பில் இருந்தாய். சனிக்கிழமை மத்தியானம், ஹாலில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். கேட்டில் யாரோ கூப்பிட்டார்கள். ஐம்பது வயது சீனர் ஒருவர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான அம்மா, பூப்போட்ட சட்டையும் அதே துணியில் கால்சட்டையும் போட்டிருந்தார். அந்த அம்மாவின் முகம் கண்ணாடியில் என்னை வயதாக்கிக் காட்டியது மாதிரி இருந்தது. அந்த மனிதர் மலாயில் பேசினார். தான் சோயா அரைத்துத் தௌஃபு செய்து பாசார்ச் சந்தையில் விற்பதாகச் சொன்னார். என்னைக் கைமாற்றிவிட்ட மருத்துவச்சியின் மகளிடம் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். "இவங்க எதுவும் கேட்க வரல. முகத்தை மட்டும் ஒரு தடவ பார்க்கணும்கிறாங்க" என்றார்.

உள்ளே அடுக்களையில் என்னை வளர்த்த அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. சின்ன வயதில் தெருவில் சீனப் பெண் யாராவது எதிரே வந்தால் என் தலையில் முந்தானையைப் போட்டு மூடி இழுத்துக்கொண்டு போவார். என்னைத் திருப்பிக் கேட்டுவிடுவார்கள் என்று அவருக்குச் சாகும் வரைக்கும் பயம். அவர் மேல் எனக்கு இருந்தது அந்தப் பயத்தைப் பார்த்து வந்த பயம். எதிரே நின்ற அம்மாவின் மேல் கோபம். புலி என்று சொல்லித்தானே கொடுத்தாய், இப்போது எதற்கு வந்தாய் என்று. இரண்டும் சேர்ந்து என் வாயில் வந்தது இரண்டே வார்த்தை. "சாலா ரூமா" என்றேன். வீடு தப்பு.

அந்த அம்மாவுக்கு அது புரிந்தது. என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். நீ எழுந்து வந்து என் பின்னால் நின்று, "யாரும்மா?" என்றாய். "வீடு மாறி வந்துட்டாங்கப்பா" என்றேன். அவர்கள் கையில் கொண்டுவந்திருந்த ஆரஞ்சுப் பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார்கள். நீ ஒரு பழம் கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? நான் தொடக்கூடாது என்றேன். எறும்பு மொய்த்து, அழுகி, செவ்வாய்க்கிழமை குப்பை லோரி எடுத்துக்கொண்டு போகும் வரைக்கும் அது அங்கேயே தொங்கியது.

இரண்டு மாதம் பொறுத்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாசாருக்குப் போய் அந்தத் தௌஃபு கடையைத் தேடிப் பிடித்தேன். அவர் முன்னால் நின்று வெட்டி விற்றுக்கொண்டிருந்தார். பின்னால் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். நான் தௌஃபு நாலு துண்டு கேட்டேன். அவர் ஐந்து போட்டுக் கொடுத்தார். எல்லாருக்கும் அப்படித்தான் போடுவார் போலிருக்கிறது, என்னை அடையாளம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறும். கூட்டத்தில் நின்று, பை வாங்குகிற நேரத்துக்குள் அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்வேன். "என்னம்மா, ஞாயித்துக்கிழமையானா தௌஃபு சம்பல்தானா? எல்லார் வீட்லயும் கோழி வெக்கிறாங்க" என்று நீ எத்தனை முறை தட்டைத் தள்ளியிருப்பாய். உடம்புக்கு நல்லது என்று உன்னை அதட்டுவேன். அது உடம்புக்காக வாங்கியது இல்லை.

ஆறு வருஷம் அப்படிப் போனது. அப்புறம் இரண்டு ஞாயிறு கடை மூடியிருந்தது. மூன்றாவது ஞாயிறு திறந்திருந்தது, நாற்காலி இல்லை. அவர் சட்டைக் கையில் சின்னதாக ஒரு துக்கத் துணி குத்தியிருந்தார். நான் நாலு துண்டு கேட்டேன். அவர் ஐந்து போட்டார். பணம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சம்பல் வைத்தேன். நீயும் அப்பாவும் சாப்பிட்டீர்கள். என்னைப் பெற்றவள் செத்ததற்கு நான் செய்தது அவ்வளவுதான் தம்பி. அழக்கூட இல்லை, அடுக்களையில் வளர்த்தவர் இருந்தார்.

அதற்கு அப்புறமும் ஏன் போய்க்கொண்டிருந்தேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. வளர்த்த அம்மா போனார். யாருக்குப் பயந்தேனோ அவரே போன பிறகும் வாய் திறக்கவில்லை. பழகிப்போன மௌனம், அதைக் கலைக்கத் தெம்பு வேண்டும். போன வருஷம் வளர்த்த வீட்டு அண்ணன், உன் செல்வம் மாமாவும் போய்விட்டார். உன்னை மடியில் வைத்துக் காது குத்தியவர். இப்போது பந்திங்கிலிருந்து சம்பந்தியம்மா போன் போட்டு, "மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மணவறைக்குக் கூட்டிட்டு வர்ற தாய்மாமன் யாருங்க?" என்று கேட்டார்கள். உன்னிடம் சொன்னேன். நீ, "மாமாதான் இல்லையேம்மா, விட்டுடலாம் லா. ஐயர் ஏதாவது சமாளிப்பாரு" என்றாய். உனக்குத் தாய்மாமன் இல்லை என்று நீ அத்தனை சாதாரணமாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மீன் குழம்பைத் தள்ளிய இடத்தில் நின்ற மஞ்சள் ஞாபகம் வந்தது. ஒப்பிடக் கூடாது என்று நீ சொன்னாய். ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. உன் நியூட்டுகளுக்கு வாய் இல்லை, அதனால் நீ வாலை நறுக்கிக் கேட்கிறாய். எனக்கு வாய் இருந்தது.

போன ஞாயிறு போனேன். நாங்கள் பேசியது மலாயில், உனக்காகத் தமிழில் எழுதுகிறேன். அவருக்கு எழுபது ஆகியிருக்கும், கை நடுங்கினாலும் துண்டு நேராகத்தான் விழுகிறது. எனக்கு முன்னால் நின்ற பெண், "பாஸ், ஒண்ணு கூடப் போடுங்க" என்று கேட்க, "யாருக்கும் கூடப் போடறதில்ல" என்று சொல்லி அனுப்பினார். என் முறை வந்தது. நாலு துண்டு என்று சொல்லவில்லை. "என் மகனுக்குக் கல்யாணம்" என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. "எந்த மகன்? படுத்துக்கிட்டுக் கணக்கு போட்டானே, அந்தப் பையனா?" என்றார்.

தெரிந்தும் ஏன் இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். "நீதான் வீடு தப்புன்னு சொன்னியே. மறுபடியும் தப்பான வீட்டுக்கு எப்படி வர்றது?" என்றார். அதில் குத்தல் இல்லை, நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் இருந்திருக்கிறார். கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மாவுக்கு முட்டி வலி, நடக்க மாட்டாங்க. திங்கள்லேருந்து சனி வரைக்கும் வீட்லதான். ஞாயித்துக்கிழமை மட்டும் விடிஞ்சதும் குளிச்சு, நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு, கடைக்குக் கூட்டிட்டுப் போன்னு உட்கார்ந்திருப்பாங்க" என்றார்.

தம்பி, நான் ஒளிந்து பார்த்ததாக ஆறு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா எனக்குக் காட்ட வந்து உட்கார்ந்திருந்தார்.

பாசாரில் அழுதேன். அறுபது தாண்டிய பொம்பளை, தௌஃபு கடை முன்னால். அவர் தண்ணீர் கொடுத்தார். என்னைக் கொடுத்த அன்றைக்கு அவருக்கு ஏழு வயதாம், ரோட்டில் நின்ற லோரி வரைக்கும் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தது அவர்தானாம். தாய்மாமன் என்றால் என்ன, மேடையில் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "வேட்டி அவுந்துடாதா?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். பெல்ட் போட்டுக்கொள்ளலாம் என்றேன். உன் அப்பாவுக்கு நேற்றுதான் சொன்னேன். டிவியை அணைத்துவிட்டு, "அதான் தௌஃபுவா?" என்றார். அப்புறம் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு உன் வீட்டுக் கேட்டில் யார் வந்து நின்றாலும், எந்தக் கோபம் இருந்தாலும், முதலில் உள்ளே கூப்பிட்டு உட்கார வை. கோபத்தை உட்கார வைத்த பிறகும் சொல்லலாம். டப்பாவில் நாளைக் காலையில் துப்பிவிடுகிறேன், உன் ஆசைக்கு. அதில் வரப்போகும் பதில் எனக்குத் தெரியும்.

தாய்மாமனை வீட்டுக்குப் போய்த் தட்டு வைத்துத்தான் அழைக்க வேண்டும், பாசாரில் வாயால் சொன்னது கணக்கில்லை. நீ வந்த மறுநாளே போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். வரும் வழியில் நீ ஒரு பை ஆரஞ்சு மட்டும் வாங்கி வந்துவிடு. அவர் வீட்டுக் கேட்டில் நீ முன்னால் நின்று கூப்பிடு, நான் உன் பின்னால் நிற்கிறேன். உள்ளேயிருந்து யார் என்று கேட்டால், வீடு இதுதான் என்று சொல்.

அம்மா